நீ தொடாமல் வைத்துப்போன சியா புடிங்

மகன்,

முதலில் ஸலாம். சுகம் விசாரிக்கத் தேவையில்லை. மருதமுனையிலிருந்து ஒலுவில் கம்பசுக்கு வேலைக்குப் போகும் உன் மோட்டார் சைக்கிள் தினமும் காலை ஏழரைக்குச் சாய்ந்தமருதில் எங்கள் தெருமுனையைக் கடக்கிறது. அந்தச் சத்தத்திலேயே உன் சுகத்தை அறிந்துகொள்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை பெற்றவர்களின் தெருவைக் கடந்துபோகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ நினைக்கலாம். முகத்துக்கு நேரே இருந்து கதைக்க உனக்கும் வராது, எனக்கும் வராது. ஒரு மேசையில் இருந்தால் கிரிக்கெட்டையும் மழையையும் பற்றி நாலு வார்த்தை கதைத்துவிட்டு இருவரும் எழும்பிவிடுவோம். எழுதுவது எனக்குக் கொஞ்சம் கைவரும். முப்பது வருசம் கரும்பலகையில் எழுதியவன். ஆகவே அவசரப்படாமல் வாசி. போனில் வரும் செய்தியைப் போல முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதே.

புதன்கிழமை உன் மனைவி இங்கே வந்திருந்தாள். உன்னிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். சரி என்று நானும் தலையாட்டினேன். அந்தச் சொல்லை இப்போது மீறுகிறேன். இதற்காக அவளோடு கோபிப்பாயானால் உன்னைவிடப் பெரிய முட்டாள் இந்தக் கரையோரத்தில் இல்லை என்று முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

அன்று எனக்குக் கிளினிக் நாள். சீனி வருத்தத்துக்கு இரத்தம் பார்ப்பதால் வெறும் வயிற்றோடு போய், வரிசையில் நின்று கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து, பசியாற அடிப்பதற்காகக் குசினியில் பிளெண்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. உன் உம்மா போய்க் கதவைத் திறந்தாள்.

“என்ன மகள், தனியவா வந்த?”

“ஓம் மாமி. அவங்க வேலைக்குப் போனதுக்குப் பொறகு வெளிக்கிட்டு வந்தன்.”

அவள் கையில் ஒரு சின்னப் பொலித்தீன் பை இருந்தது. குசினி மேசையில் அதை வைத்து முடிச்சை அவிழ்த்தாள். “மாமா, இத ஒருக்காப் பாருங்க. சியா எண்டு வாங்கினன், இது என்ன சாமான் எண்டு சொல்லுங்க.” உள்ளே கறுப்பு விதை. எல்லாம் ஒரே கறுப்பு. சியா விதை அப்படி இருக்காது. சாம்பலும் வெள்ளையும் கறுப்புமாகக் கலந்து, கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொன்றின் மேலும் கோடு கோடாக இருக்கும். கொஞ்சம் கிள்ளிக் கரண்டித் தண்ணீரில் போட்டேன். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கவே விதையைச் சுற்றி வெள்ளைப் படலம் ஊதிவிட்டது. நோன்பு காலத்தில் சர்பத்துக்குப் போடுகிற கசகசா, திருநீற்றுப்பச்சை விதை அது. சியா இவ்வளவு சீக்கிரம் ஊறாது.

“கசகசாவா? கடைக்காரன் சியா எண்டுதானே தந்தான் மாமா?”

“அவனுக்குக் கறுப்பா இரிக்கிறதெல்லாம் சியாதான்” என்றேன்.

உன் உம்மா சிரித்தாள். உன் மனைவி சிரிக்கவில்லை. கதிரையில் இருந்து, பையின் வாயைத் திரும்பவும் முடிந்துகொண்டே சொன்னாள். நீ தினமும் விடிய சுபஹ் தொழுதுவிட்டு வந்து நீயே ஊறவைத்த சியாவை எடுத்து, நீயே பிளெண்டரில் அடித்து, நீயே கிளாசைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிறாயாம். அதில் ஒரு வேலையையாவது தானும் செய்யவேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடையில் விதை வாங்கி, நீ செய்கிற மாதிரியே பாலில் ஊறவைத்து, திங்கட்கிழமை உனக்கு முன்னே எழும்பி அடித்து, மேலே வாழைப்பழம் வெட்டி அடுக்கி மேசையில் வைத்தாள். கசகசாவைப் பிளெண்டரில் அடித்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். விதை உடையாது; அதன் பசை மட்டும் கழன்று கிளாசில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பார்க்க நன்றாக இருந்திருக்காது. நீ பார்த்தாய். “நேரமாகிட்டு” என்றாய். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

“ஒரு வாய் குடிச்சிட்டுத் துப்பியிருந்தாலும் பரவாயில்ல மாமா. ‘இது என்னடி, வாய்க்கால் சேறு’ எண்டு ஏசியிருந்தாலும் சிரிச்சிருப்பன். ஒண்டுமே சொல்லல்ல. அந்தக் கிளாசுக்கு முன்னால நான் எவ்வளவு நேரம் நிண்டன் எண்டு எனக்கே தெரியா” என்றாள். பிறகு, நாளைக்குக் கடைக்குப் போகவேண்டும் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்: “இனி அவங்களுக்கு என்ன வேணும் எண்டு கேக்கிறதில்ல எண்டு முடிவெடுத்திட்டன். இதக் கடைசியா ஒருக்கா உங்கக்கிட்டக் காட்டிட்டுப் போவம் எண்டுதான் வந்தன்.”

அழுதிருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன். அழுகிறவளுக்கு இன்னும் ஏதோ வேண்டியிருக்கிறது. இவள் கண்ணில் தண்ணீர் இல்லை. அவளுடைய வாயிலிருந்து வந்த அந்த முடிவை நான் ஏற்கெனவே ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன் மகன். இருபத்துமூன்று வருசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது நடந்த வீடு இது. உன் வீட்டிலும் அது நடந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை பக்கம்.

சியா புடிங்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நீ சொல்லமுடியாது. உன் கலியாணத்துக்கு இரண்டு மாதம் முந்தி, உன் இரத்தத்திலும் சீனி எல்லைக்கு வந்து நிற்கிறது என்று டொக்டர் சொன்ன கிழமையில், ஒரு பக்கெட்டோடு வந்து எனக்கும் பழக்கியவன் நீதான். “இது குருவிக்குப் போடுறதா, மனுசனுக்கா?” என்று கேட்டேன். முதல் நாள் அடிக்காமல் அப்படியே கரண்டியால் தந்தாய். தவளை முட்டையை விழுங்குவது போல இருந்தது. “அப்ப அடிச்சித் தாறன் வாப்பா” என்று, அரைக் கோழிக்கூட்டு வாழைப்பழமும் ஒரு பேரீச்சம்பழமும் இரண்டு கரண்டி எருமைத் தயிரும் கறுவாத்தூளும் போட்டு அடித்துத் தந்தாய். அது தொண்டையில் வழுவழுப்பாக இறங்கியது. அன்றிலிருந்து நான் அதைத்தான் குடிக்கிறேன். பதினொரு மணிக்குப் பாடசாலையில் கை நடுங்குவது நின்றுவிட்டது. உனக்கு நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆனால் ஒன்று. உடம்புக்காகத்தான் செய்கிறேன் என்று நீ எல்லோருக்கும் சொல்கிறாய். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. கலியாணம் முடிந்து ஐந்து மாதமாக நீ அந்த வீட்டில் மாமி அவித்த பிட்டையும் இடியப்பத்தையும் அளவாகச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். பிளெண்டரை வெளியே எடுத்தது பெருநாளுக்கு அடுத்த திங்கட்கிழமை. இதையும் அவள்தான் சொன்னாள். பெருநாள் பகல் சாப்பாட்டில் அவளுடைய வாப்பாவின் தம்பி, அந்தச் சாச்சா, உன் முன்னால் ஏதோ சொன்னாராமே?

“என்ன சொன்னாரு மகள்?” என்று கேட்டேன்.

“பகிடிதான் மாமா. மேல்மாடி இன்னும் பூசாமக் கிடக்குதே, மாப்பிள்ள வந்து ஆறு மாசமாகப் போகுது, ஒரு சட்டி சீமெந்து குழைச்சாரா, தின்னுறதுக்கு மட்டும் நேரத்துக்கு இறங்கி வாறாரு எண்டு. எல்லாரும் சிரிச்சாங்க. அவங்களும் சிரிச்சாங்க.”

நீ சிரித்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் எப்படிச் சிரித்திருப்பாய் என்று தெரியும். அது என்னுடைய சிரிப்பு. நம் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கென்று வீடு இல்லை. பெண்ணுக்குக் கட்டிக் கொடுக்கிற வீட்டுக்குள் ஒரு சூட்கேசோடு போய் ஏறுகிறான். அந்த வீட்டில் மாமி மருமகனுக்கு முன்னால் வரமாட்டா, கதைக்கமாட்டா, ஆக்கி மகளின் கையில் கொடுத்து அனுப்புவா. திரும்பி வருகிற பீங்கான் தட்டைப் பார்த்துத்தான் மருமகனின் மனதைப் படிப்பா. வழித்துத் துடைத்து வந்தால் சந்தோசம். பாதி வந்தால் உப்புக் கூடிவிட்டது. தொடாமல் வந்தால் கோபம். உன் மாமி ஒன்றரை மாதமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பிளெண்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறா. “நம்மட கையால தின்ன மருமகனுக்கு அருவருப்பா?” என்று மகளிடம் கேட்டாவாம். நீ விதையை அரைத்தாய். அந்த மனுசி தன் நெஞ்சில் எதையோ அரைப்பதாகக் கேட்டிருக்கிறா. வேறு எந்த ஊரிலாவது இருந்தால், பெடியன் உடம்பைக் கவனிக்கிறான் என்று விட்டிருப்பார்கள். இங்கே அப்படி விடமாட்டார்கள். விடாதது சரியும்கூட, ஏனென்றால் நீ கோபித்துத்தான் இருக்கிறாய்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தது இறக்காமத்திலிருந்து. வயலும் குளமும் தெரிந்தவன். கடல் மீன் அவ்வளவு பழக்கமில்லை. வந்த மூன்றாம் நாள் காலையில் பசியாற வைத்த பெரிய சகன் தட்டில் கீரி மீன் பொரியல். உன் உம்மாவின் காக்கா, உன் மாமா, எனக்கு எதிரே சம்மணம் போட்டு இருந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் தொண்டையில் ஏறிவிட்டது. கண்ணால் தண்ணீர் வர இருமினேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்து, “விடுங்க மச்சான், குளத்து மீனுக்குப் பழகின தொண்ட. நாளைக்கி முள்ளெடுத்துப் பிசைஞ்சி ஊட்டி விடுவம்” என்றார். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருபத்தொன்பது வருசமாகிறது. இன்றைக்கும் கீரி மீன் பொரித்தால் அந்தச் சிரிப்புத்தான் முதலில் மணக்கிறது. இதை எழுதும்போது எனக்கு ஐம்பத்தாறு வயது என்பதையும் நினைத்துக்கொள்கிறேன்.

அது சின்ன விசயம். பெரியது பிறகு வந்தது. நீ நாலு வயதுப் பிள்ளை. பாடசாலையில் அதிபர் இடம் காலியாகியது. சேவைக் காலம், பரீட்சை, பட்டம் என்று எதை வைத்துப் பார்த்தாலும் அது எனக்குரிய கதிரை. ஊரில் நாலு பேர் சேர்ந்து அரசியல்வாதி ஒருவரின் வீட்டுக்குப் போய் வேறொருவரின் பெயரைக் கொடுத்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் உன் மாமா. எனக்கு அது தெரியவந்தது பள்ளிவாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கும்போது, இன்னொருவர் சொல்லி. அவர்கள் பெயர் கொடுத்த மனிதர் இருபது வருசம் அந்தக் கதிரையில் இருந்தார். ஓய்வு பெற்றபோது மாலை போட்டார்கள். பிரதி அதிபர் என்ற முறையில் வாழ்த்துரையை நான்தான் வாசித்தேன். எழுத்துப் பிழையில்லாத உரை. நானே எழுதியது.

உன் மாமாவோடு நான் சண்டை போடவில்லை. ஒரே வளவில் இருந்துகொண்டு, அவருடைய தங்கச்சிக்குக் கொடுத்த வீட்டில் படுத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது? ஆகவே சோற்றோடு சண்டை போட்டேன். குடும்ப வயலைச் செய்தது அவர். அறுவடைக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வருகிற நெல் மூட்டை அவர் கையால் வருவது. அந்த அரிசியில் இடித்த மாவில்தான் காலைப் பிட்டு. நான் அதைத் தொடுவதில்லை என்று எனக்குள் தீர்மானித்தேன். வெளியே சொன்னது வேறு: “வயித்தெரிச்சல், கேஸ்டிக், காலையில மாச்சாமான் ஒத்துக்கொள்ளுதில்ல.” கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்றுவிட்டுப் பாடசாலைக்குப் போனேன். ரொட்டி மட்டும் என்ன, வானத்திலிருந்தா இறங்கியது? கோதுமை மா கேஸ்டிக்குக்கு இன்னும் கூடாது. ஒருத்தரும் கேட்கவில்லை. நாலு மாதம் இப்படியே போனது.

அந்த நாலு மாதமும் உன் உம்மா ஒவ்வொரு காலையும் கேட்டாள். “இண்டைக்கி இடியப்பம் பிழியவா?” “குரக்கன் ரொட்டி சுட்டுத் தரட்டா, அது வயித்துக்கு நல்லமாம்.” “கஞ்சி காய்ச்சவா?” “சும்மா சொல்லுங்களன், என்னதான் ஆக்க?” நான் ஒவ்வொரு நாளும் “ஒண்டும் வேணாம்” என்றேன். எதற்காகக் கோபம் என்று அவளுக்குத் தெரியும். அவள் ஒரு பக்கம் காக்காவுக்கும் தங்கச்சி, ஒரு பக்கம் எனக்கும் மனைவி. இரண்டு பேரும் அவளுக்கு முன்னால் வாய் திறக்கவில்லை. காக்கா நெல் அனுப்பினார். நான் பீங்கானைத் திருப்பி அனுப்பினேன். நடுவில் அவள் மூடியைத் திறந்து, மூடி, எடுத்துக்கொண்டு போனாள்.

நான் கவனிக்காத ஒன்று இருந்தது. இந்த வீடுகளில் புருசன் பசியாறின பிறகுதான் பெண் பசியாறுவாள். புருசன் பசியாறவில்லை என்றால்? அந்தக் கேள்வி படித்தவனான எனக்கு வரவேயில்லை. உன் தங்கச்சி அப்போது வயிற்றில். ஆறாம் மாதம். ஒரு நாள் கிணற்றடியில் வாளியோடு விழுந்தாள். பாடசாலைக்கு ஆள் வந்து சொல்லி, ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வார்டு வாசலில் மிட்வைப் என்னைப் பிடித்துக்கொண்டா. நம் ஊர்ப் பெண். என்னிடம் படித்த ஒருத்தியின் தாய்.

“நீங்க மாஸ்டர்தானே?”

“ஓம்.”

“படிச்சவர்தானே? வீட்டுல புள்ளத்தாச்சி ஒருத்தி பகல் சோறு ஆகு மட்டும் பச்சத்தண்ணியோட கிடக்கிறது உங்களுக்குத் தெரியாதா? எத்தின மாசமா எண்டு கேட்டா மனிசி வாயத் திறக்குதில்ல. உங்களுக்குக் கேஸ்டிக் எண்டு ஊரெல்லாம் தெரியும், அந்தப் புள்ளைக்கும் கேஸ்டிக்கா?”

வரிசையில் இருந்த பெண்களெல்லாம் கேட்டார்கள். அல்லாஹ் காப்பாற்றினான், தாயும் பிள்ளையும் தப்பினார்கள். உன் தங்கச்சி இன்று கண்டியில் படித்துக்கொண்டு, நான் போன் எடுத்தால் பிறகு கதைக்கிறேன் வாப்பா என்கிறாள். அடுத்த நாள் காலையிலிருந்து நான் வீட்டில் பசியாறினேன். வைத்ததையெல்லாம் தின்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை, தின்று காட்டியதே போதும் என்று நினைத்தேன். உன் உம்மாவும் ஒரு நாளாவது குத்திக் கதைத்தது கிடையாது. ஆனால் அன்றிலிருந்து அவள் என்னிடம் “என்ன ஆக்க?” என்று கேட்டதேயில்லை. ஒரு தடவைகூட இல்லை. நேரத்துக்கு வரும், ருசியாகவும் இருக்கும். உன்னிடம் கேட்பாள், தங்கச்சியிடம் கேட்பாள், வருகிற விருந்தாளியிடம் கேட்பாள். என்னிடம் இல்லை. முதல் இரண்டு மூன்று வருசம் நான் அதைக் கவனிக்கவேயில்லை என்பதுதான் இதில் மிக மோசமான பகுதி. கவனித்த பிறகு, எப்படிக் கேட்க வைப்பது என்று தெரியவில்லை.

ஆகவே உன் மனைவி அந்தப் பையை முடிந்துகொண்டு “இனிக் கேக்கிறதில்ல” என்றபோது, உன் உம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் பிரிட்ஜைத் திறந்தேன். முதல் நாள் பின்னேரமே எனக்கென்று ஊறவைத்த சியா அதில் இருந்தது. “இதுதான் மகள் சியா. கையால தொட்டுப் பாருங்க, என்ன வித்தியாசம் எண்டு” என்றேன். தொட்டுப் பார்த்தாள். அவள் சொன்னாள், நீ ஊறவைக்கும்போது ஒரு தடவைதான் கலக்குகிறாயாம். அடியில் கட்டி பிடித்துக் கிடக்குமாம். அதைச் சொல்ல வாயெடுத்தால் நீ போனைப் பார்ப்பாயாம். ஊறவைத்துப் பத்து நிமிசத்தில் இன்னொரு தடவை கலக்கினால் கட்டி பிடிக்காது என்று அவள் கசகசாவை வைத்தே கண்டுபிடித்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. இத்தனை மாதமாக நானும் கட்டியோடுதான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று பேருக்குமாக அடித்தோம். பழத்தை அவள் வெட்டினாள். தயிரை நான் அளந்தேன். பேரீச்சம்பழத்தை எனக்கு எண்ணியே போடவேண்டும் என்பதால் ஒன்றே ஒன்றுதான் போட்டேன். பிளெண்டர் ஓடும்போது உன் உம்மா, “இந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டாக்கள் நாம தங்கம் அரைக்கிறம் எண்டு நெனைக்கப் போறாங்க” என்றாள். மூன்று கிளாசில் ஊற்றினேன். உன் உம்மாவின் முன்னால் ஒரு கிளாசை வைத்தேன். யோசித்துப் பார்த்தால், நான் செய்த ஒன்றை அவள் முன்னால் வைத்தது அதுதான் முதல் தடவை. நான் கிளினிக்கால் வரும்வரைக்கும் அவளும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அந்தப் பழக்கத்தை மட்டும் அவள் இன்னும் விடவில்லை.

அவள் இரண்டு வாய் குடித்தாள். கிளாசைக் கீழே வைத்தாள். எழும்பிப் போய்த் தேங்காய் உடைக்க ஆயத்தம் செய்தாள்.

நான் அந்தக் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தேன் மகன். பாதிக்கு மேல் மிச்சம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம்தான், அதை மறைக்கமாட்டேன். வெறும் வயிற்றோடு வந்து நின்று அடித்துக் கொடுத்தவனுக்கு இதுவா என்று. அதற்குப் பிறகு, இது எதற்கு, இருபத்துமூன்று வருசத்துக்கு முந்தினதற்கா என்று ஒரு பயம். என்னைப் பிடிக்கவில்லையா, நான் செய்ததைப் பிடிக்கவில்லையா என்று ஒரு கிளாசைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. நாலு மாதம் ஒவ்வொரு காலையும் அவளை இந்தக் கதிரையில் இருத்தி இதைத்தான் பார்க்க வைத்திருக்கிறேன். ஐந்து நிமிசத்துக்கே எனக்குத் தாங்கவில்லை. உன் மனைவி என்னையும் கிளாசையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் கேட்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

“ஏன் புள்ள, வெச்சிட்டீங்க?”

உன் உம்மா திரும்பியும் பார்க்கவில்லை. தேங்காயைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே சொன்னாள்: “இனிப்புக் காணா. உங்களுக்குத்தான் சீனி வருத்தம், எனக்கென்ன? எனக்கு மூணு பேரீச்சம்பழமாவது வேணும். அடிக்க முந்திக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்தானே.”

அவ்வளவுதான். வேறு ஒன்றுமே இல்லை. பழிவாங்கலும் இல்லை, பழைய கணக்கும் இல்லை. நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. இன்னும் மூன்று பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்துப் போட்டு, திரும்ப அடித்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டு, “இப்ப வாய்க்கு வெக்கலாம்” என்றாள். உன் மனைவி அப்போதுதான் சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு.

இதை எழுதுவதால் நான் திருந்திய மனிதன் என்று நினைத்துவிடாதே. உன் மாமாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பெருநாளைக்கு ஸலாம் சொல்வேன், கை கொடுப்பேன். அதற்கு மேல் என் மனதில் இடமில்லை. நீயும் அந்தச் சாச்சாவை மன்னிக்கவேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் சொன்னது பகிடி இல்லை. அவமானப்படுத்துகிறவர்கள் பிடிபட்டால் ஓடி ஒளிகிற இடம்தான் பகிடி. உனக்கு மனமிருந்தால் அவரிடமே போய், “சாச்சா, அண்டைக்கி நீங்க கதைச்சது எனக்குப் பிடிக்கல்ல” என்று சொல். மனமில்லாவிட்டால் என்னைப் போல நெஞ்சுக்குள் வைத்துக்கொள். அது உன் பாடு. ஆனால் சாச்சாவுக்குக் கொடுக்கவேண்டிய முகத்தை அவளுக்குக் கொடுக்காதே. அவர் அன்று பின்னேரமே சோடா குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். உன் புறக்கணிப்பு அவருக்குப் போய்ச் சேரவேயில்லை. அது போய்ச் சேர்ந்த இடம் வேறு. நான் என்னுடையதை உன் மாமாவுக்கு அனுப்பினேன். அது கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்தது.

புடிங்கை விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. உன் இரத்தத்துக்கு அது தேவை. ஆனால் எதற்காகக் குடிக்கிறாய் என்பதை அந்த வீட்டில் வாய் திறந்து சொல். “மாமிட பிட்டு எனக்கு விருப்பம், டொக்டர் கூடாது எண்டுட்டார், வெள்ளிக்கிழமையில மட்டும் ரெண்டு பிடி தாங்க” என்று மகளிடம் சொல்லி அனுப்பினால், சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற மனுசி அன்று நிம்மதியாகத் தூங்குவா. இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. படித்த எனக்கு இருபத்துமூன்று வருசம் எடுத்தது.

என்னிடம் இருந்த சியாப் பக்கெட்டை உன் மனைவியிடம் கொடுத்து அனுப்பினேன். வாசலில் ஓட்டோவில் ஏறும்போது, உன் உம்மா அவள் கையைப் பிடித்து ஏதோ இரகசியமாகச் சொன்னாள். என்ன என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லமாட்டார்கள். வெளிக்கிடுமுன் அவள் என்னிடம் சொன்னது மட்டும் தெரியும்: “இன்னும் ஒரே ஒருக்காச் செய்து பாக்கன் மாமா. அதுக்குப் பொறகு இல்ல.” வியாழன் பின்னேரம் தொழுகைக்கு முன்னே ஊறவைப்பதாகச் சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல், இன்று நீ வேலையால் திரும்பும்போது தெருமுனையில் நின்று உன் கையிலேயே தருகிறேன். நாளை வெள்ளிக்கிழமை, நீ லீவு போட்டிருப்பதாக அவள் சொன்னாள், உனக்கு அவசரமாகப் போகவேண்டிய கம்பஸ் இல்லை.

காலையில் மேசையில் ஒரு கிளாஸ் இருக்கும். அவள் குசினிக் கதவடியில் நிற்பாள். அவளுக்குப் பின்னால் உன் மாமியும் நிற்பா, நீ காணமாட்டாய். குடித்துப் பார். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சத்தமாகச் சொல், இரண்டு பேருக்கும் கேட்கட்டும். நன்றாக இல்லாவிட்டால் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நன்றாக இல்லை என்று சொல். எது கூடியது, எது குறைந்தது என்றும் சொல். அவள் ஏதாவது திருப்பிச் சொல்வாள். அது புடிங்கைப் பற்றியதாக இருக்காது. ஒன்றரை மாதமாகச் சேர்த்துவைத்ததையெல்லாம் சொல்வாள். அவள் சொல்லி முடிக்கும்வரைக்கும் அந்தக் கதிரையை விட்டு எழும்பாதே.

வாப்பா